ஜிஎஸ்டி ரிப்போர்ட்டைத் திறந்தாலே உறைந்து நிற்கும் உங்கள் மென்பொருள் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்
அனுப்புநர்: உங்கள் கணக்கு மென்பொருளின் வாடிக்கையாளர், சயான் கோலிவாடா, மும்பை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தாராவி 90 அடி சாலைப் பக்கம் உள்ள தோல் பை பட்டறைகளுக்கும் சில மளிகைக் கடைகளுக்கும் வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். தமிழிலும் சேவை உண்டு என்று நீங்கள் விளம்பரம் செய்வதால் தமிழிலேயே எழுதுகிறேன். ஃபோனில் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன்.

கடைசி அப்டேட்டுக்குப் பிறகு, ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனை விவர ரிப்போர்ட்டில் பிரிண்ட் பிரிவ்யூவை அழுத்தினால் திரை வெளுத்து, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து நின்றுவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் போய் எண்ட் டாஸ்க் கொடுத்தால்தான் விடிவு. அதுவரை அடித்த என்ட்ரி இருந்தால் என் அதிர்ஷ்டம்.

முதலில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். டெம்ப் ஃபைல்களை அழிக்கச் சொன்னார், அழித்தேன். அடுத்தவர் ரீஇன்ஸ்டால் என்றார். அதற்கடுத்தவருக்கு மறுபடியும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதாயிற்று. டிக்கெட் எண்ணைக் கொடுத்தால் "அது க்ளோஸ் ஆயிடுச்சு மேடம்" என்கிறார்கள். பிரச்சினை தீராமல் அதை மூடியது யார்?

கடைசியில், நேரில் கொண்டுவந்தால் பார்த்துத் தருவார்கள் என்று உங்கள் ஹெல்ப்லைனே சொன்னது. சிபியூவைப் பெட்ஷீட்டில் சுற்றி, சயானில் ரயில் ஏறி, தாதரில் அந்தக் கூட்டத்தில் பாலம் ஏறி இறங்கி, அந்தேரி அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். கவுன்டரில் இருந்தவர் மொபைலிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "இங்கே மெஷின் பார்ப்பதில்லை, ரிமோட்டில்தான்" என்று இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை.

இதைவிட மோசம், ரேம் போதாது என்று சாதித்த உங்கள் இன்னொரு ஆள். உறைந்து நிற்கும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியூ பயன்பாடு கிட்டத்தட்ட பூஜ்யம், ரேமில் பாதி காலி. அப்படியென்றால் உங்கள் மென்பொருள் வேலை செய்து திணறவில்லை, எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. இதைச் சொன்னதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆன்ட்டி, வீட்ல பசங்க யாராவது இருந்தா ஃபோனைக் குடுங்க." அந்த அழைப்பின் பதிவை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எதற்குக் காத்திருக்கிறது என்பதையும் நானே கண்டுபிடித்தேன். என் டீஃபால்ட் பிரிண்டர் வைஃபையில் இருப்பது, பெரும்பாலும் அணைத்தே கிடக்கும். அதை மாற்றி 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' வைத்தால் பிரிவ்யூ திறக்கிறது. பழைய பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் சாமான் உங்களுக்குத் தெரியாதா? விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'அப்ளிகேஷன் ஹேங்', எண் 1002 என்று வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. ஒருவராவது திறந்து பார்த்தீர்களா? டீஃபால்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. பில் அடிக்க எனக்கு அந்த பிரிண்டர்தான் வேண்டும்.

11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போகாவிட்டால், 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலில் சரக்கு வாங்கியவருக்கு வரி வரவு தெரியாது. அவர் பட்டறைக்காரரைப் பிடிப்பார், பட்டறைக்காரர் என்னைப் பிடிப்பார். இந்த மாதம் அதுதான் நடந்தது. மாத வரி கட்டும் 3பி ரிட்டர்னும் 20ஆம் தேதியைத் தாண்டியதில் ஒரு நாளுக்கு 50 ரூபாய் அபராதம், அதையும் என் கையிலிருந்து கட்டினேன். இத்தனை வருஷம் சேர்த்த பெயர் மொத்தமாகப் போய்விட்டது, தொழிலே நாசம்.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. மென்பொருள் நல்லது என்று நாலு பேருக்குச் சிபாரிசு செய்தவள் நான். ஆனால் அடுத்த 11ஆம் தேதிக்குள் இது சரியாகாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவாகும். சுயதொழில் செய்து பிழைப்பவரும் நுகர்வோர்தான் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நான் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நான் கட்டிய சந்தாத் தொகைக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது.

தயவுசெய்து விஷயம் தெரிந்த இன்ஜினியர் ஒருவரை என் டிக்கெட்டுக்குப் பொறுப்பாக்குங்கள். அதுவரை பழைய பதிப்பைத் திருப்பித் தாருங்கள். இந்த ஆண்டுச் சந்தாவையும் நான் கட்டிய அபராதத்தையும் திருப்பிக் கொடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஈவன்ட் வியூவர் படங்கள், டாஸ்க் மேனேஜரில் எடுத்த டம்ப் ஃபைல், அபராத ரசீது