நீங்கள் கேட்ட கேள்விக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே அதை என் மனைவிதான் வாசித்துக் காட்டினாள். இப்போது பார்வை தெளிவாக இருக்கிறது. படிக்கக் கூடாது என்றிருந்த நாள்களில் அவள் மாலைதோறும் வேதத்தைச் சத்தமாக வாசிக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிருபத்தை, அதாவது அப்போஸ்தலர் எழுதிய ஒரு கடிதத்தை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அமர்வில் காதால் கேட்பது, நாம் வழக்கமாகச் செய்வதுபோல் வசனம் வசனமாகப் பிரித்துப் படிப்பதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதை இந்த வயதில்தான் அறிந்தேன்.

உங்கள் வேதபாட வகுப்பில் அந்த இளைஞர் கேட்டது நல்ல கேள்வி. ‘வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது’ என்றால், கொரிந்தியருக்கு எழுதும் பவுல், வேறு யாருக்காவது ஞானஸ்நானம் கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்று சொல்வது எப்படி? அவரை அவசரப்பட்டு அடக்கிவிடாதீர்கள். தேவன் மனிதரை எழுதுகோலாக மட்டும் பிடித்து எழுதினார் என்று நினைத்தால்தான் அந்த மறதி இடறலாகிறது. வேதமே தன்னைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. லூக்கா, எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாகத் தன் முதல் அதிகாரத்திலேயே சொல்கிறார். ரோமருக்கான நிருபத்தின் முடிவில், பவுல் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு தன் பெயராலேயே வாழ்த்துச் சொல்கிறார். விசாரிப்பதும் மறப்பதும் நலம் கேட்பதும் உள்ள மனிதர்களையே ஆவியானவர் ஏவினார்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை அவள் வாசித்த மாலையில் இது எனக்கு இன்னும் தெளிவாயிற்று. மூன்றாம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் ‘தேவ ஆவியினால் அருளப்பட்ட’ என்பதற்கு மூலத்தில் இருப்பது ‘தெயோப்நியூஸ்டோஸ்’ என்னும் ஒரே கிரேக்கச் சொல். தேவனால் ஊதப்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வருவதில்லை. மண்ணான மனிதனுக்குள் ஜீவசுவாசத்தை ஊதிய ஆதியாகமக் காட்சி நினைவுக்கு வருகிறது. அங்கும் மண் மண்ணாகவே இருந்துதான் உயிர் பெற்றது. இந்தச் சொல்லைக் கேட்டுச் சற்று நேரத்திற்கெல்லாம், அதே நிருபத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் வைத்துவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வரும்படியும், மாரிகாலத்துக்குமுன் வந்து சேரும்படியும் கட்டுண்ட ஒரு முதியவர் கேட்கிறார். குளிருக்கு ஓர் அங்கி கேட்கும் அந்தக் குரலையும் தேவன் தம் வார்த்தையிலிருந்து நீக்கவில்லை என்பதை எண்ணி, அன்றிரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

நாம் வாதாடுவதெல்லாம் அந்த வசனத்தின் முதற்பாதியைப் பற்றியே. பவுலின் வாக்கியமோ அங்கே நிற்காமல், உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் என்று ஓடி, எந்த நற்கிரியையும் செய்யத் தகுதியுள்ள மனிதனில் போய் முடிகிறது. அதற்கு முந்திய வசனம் இரட்சிப்புக்கேற்ற ஞானத்தைச் சொல்கிறது. வேதம் அருளப்பட்டது இதற்காகத்தான். வேதத்தில் பிழையே இல்லை என்று மேசையைத் தட்டி நிரூபித்துவிட்டு, அது நம்மைக் கடிந்துகொள்ள இடங்கொடாமல் போனால், நாம் அதை நம்பியதாகவே எனக்குத் தோன்றவில்லை. இதை என்னையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அடுத்த வகுப்பில் எரேமியா 36ஆம் அதிகாரத்தை விளக்கம் எதுவும் சொல்லாமல் முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். எரேமியா தீர்க்கதரிசி சொல்ல, பாருக்கு என்னும் எழுத்தன் சுருளில் எழுதுகிறான்; யோயாக்கீம் ராஜா அதைச் சூரிக்கத்தியால் அறுத்து, கணப்பில் எரிந்த நெருப்பில் போடுகிறான்; பின்பு எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாருக்கு அதே வார்த்தைகளை மறுபடியும் எழுத, அவற்றுக்கொத்த அநேக வார்த்தைகளும் அதில் சேர்க்கப்படுகின்றன. அந்த இளைஞரையே வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. வாசித்து முடித்ததும் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். இனி உங்கள் கடிதத்தை நானே படிப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நண்பன்