உள்ளித் தண்ணியை நம்பிக் குளுசையை நிப்பாட்டாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட அம்மா கொலஸ்ட்ரோல் குளுசையை விட்டிட்டு மூண்டு மாசமா உள்ளி அவிச்ச தண்ணியும் ஊறவைச்ச வெந்தயமும் எண்டு இருந்தவ, பிறகு ரத்தம் சோதிச்சா எல்டிஎல் எண்ட கெட்ட கொலஸ்ட்ரோல் 190க்கு மேல, எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. வெந்தயம் பொய் இல்லை, அதில இருக்கிற நார் குடலுக்குள்ள பித்தத்தைப் பிடிச்சு வெளியில கொண்டுபோகும், ஈரல் புதுப் பித்தம் செய்ய ரத்தத்தில கிடக்கிற கொலஸ்ட்ரோலை எடுக்கும், அப்பிடித்தான் குறையுது. உள்ளியும் கொஞ்சம் குறைக்கும், ஆனா கொலஸ்ட்ரோலுக்குக் குடுக்கிற ஸ்டேட்டின் குளுசை அளவுக்கு வராது. இன்னொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் எடுக்கிற ஆக்கள் உள்ளிக் கப்சூல் கூடப் போட்டா ரத்தக்கசிவு வரப்பாக்கும், கிளினிக்கில கட்டாயம் சொல்லவேணும். உங்கட பேப்பரில மூலிகை மருத்துவம் போடேக்க இதையும் சேர்த்துப் போடுங்கோ ஐயா.

கொக்குவில் வாசகி