ஆடிப் பண்டிகை வாரத்தில் கெர்னலை மாற்றலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரிகள் சிலரின் சர்வர்களை 11 ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு முந்தைய வாரம், ஒரு கடையின் சர்வரில் வெளியூர் நிறுவனம் ஒன்று யாரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாகப் புதிய லினக்ஸ் கெர்னலை (கணினியின் பாகங்களை இயக்கும் மைய மென்பொருளை) ஏற்றிவிட்டது. காலையில் நெட்வொர்க் கார்டு வேலை செய்யவில்லை. எந்தப் பட்டறைக்கு எவ்வளவு வெள்ளி எடை போட்டுக் கொடுத்தோம் என்ற கணக்கு முழுக்க அந்தச் சர்வருக்குள்தான். மதியம் வரை நோட்டில் எழுதினார்கள். நல்லவேளை, பழைய கெர்னலை அழிக்கவில்லை. கணினி தொடங்கும்போது வரும் பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. கடை சர்வருக்கு நீண்டகால ஆதரவுள்ள பதிப்பே போதும். அதிலும் கவனம் வேண்டும். அப்படிப்பட்ட 6.1 வரிசையின் 6.1.64இல், 2023 டிசம்பரில், கோப்புகளைக் கெடுக்கும் பிழை தெரியவந்தது. லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12.3 வெளியீட்டையே நிறுத்தி, டிசம்பர் 10 அன்று 12.4ஐக் கொடுத்தார்கள். புதிய கெர்னலுக்கான ஒரு திருத்தத்தை, அதற்கு முன்னால் வரவேண்டிய மாற்றம் இல்லாமல் பழையதில் சேர்த்ததுதான் காரணம்.

பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. முதலில் ஒரு தனிக் கணினியில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் கடைக்காரரிடம் கேட்டு நேரம் குறியுங்கள். மாவட்டத் தொழில் மையம் இதற்கென ஒரு நாள் பயிற்சி நடத்தினால் எங்கள் தெருவிலிருந்தே பலர் வருவார்கள்.

— சர்வர் பராமரிப்பாளர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்