கப்பலில் தங்கிய பிள்ளைகள்

அன்புள்ள பாலு,

உன் கடிதம் வந்தது. பேத்தி பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குத் தேர்வான செய்தியை மீனாட்சிக்கு வாசித்துக் காட்டினேன். "முதலில் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடச் சொல்லுங்கள்" என்றாள். எனக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஒன்றுதான் தகராறு, மற்றபடி நடமாட்டம் உண்டு.

உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு வரும் பிள்ளைகளை எங்கே தங்கவைப்பார்கள், ஒலிம்பிக் மாதிரி தனிக் கிராமம் உண்டா என்று கேட்டிருந்தாய். அது ஊருக்கு ஊர் மாறும். எனக்குப் பிடித்தது 2019-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் செய்த ஏற்பாடு. கப்பல்காரனுக்குக் கப்பல் கதைதானே பிடிக்கும்!

அந்தப் போட்டியை முதலில் ஏற்றிருந்தது பிரேசில் தலைநகர் பிரேசிலியா. பணமில்லை என்று அவர்கள் கைவிரித்துவிட, 2016-இல் அது நேப்பிள்ஸ் தலையில் விழுந்தது. மைதானங்களைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. மரடோனா ஆடிய சான் பாவ்லோ அரங்கம் இருந்தது. இப்போது அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஓடுதளத்தைப் புதிதாகப் போட்டு, நாற்காலிகளை மாற்றினார்கள். நம் டுட்டீ சந்த் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியது அங்கேதான். நீச்சலுக்குப் பழைய ஸ்கன்டோனே குளம். நேப்பிள்ஸ் இருக்கும் கம்பானியா மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்த அரங்குகளைப் பழுது பார்த்தே பெரும்பாலும் சமாளித்துவிட்டார்கள்.

படுக்க இடம்தான் சிக்கல். புதிதாகக் கட்ட நேரமில்லை. ஜூலை மாதம் வேறு, சுற்றுலாக் கூட்டம் அலைமோதும். சான் பாவ்லோ அரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த கண்காட்சி வளாகத்தில் தற்காலிக வீடுகள் வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது, நடக்கவில்லை. கடைசியில் எம்எஸ்சி லிரிகா, கோஸ்டா விக்டோரியா என்று இரண்டு பயணிகள் கப்பல்களைத் துறைமுகத்தில் கொண்டுவந்து கட்டினார்கள். மற்றவர்களுக்குச் சலெர்னோ பல்கலைக்கழக விடுதியும் கசெர்த்தா பக்கத்து ஓட்டல்களும்.

எனக்கு இதில் பொறாமை கலந்த மரியாதை. சமையல்கூடம், சலவை, மருத்துவ அறை, தண்ணீர், கழிவு எல்லாம் கப்பலுக்குள்ளேயே உண்டு. ஏறி இறங்கும் கேங்வேயில் ஆளை நிறுத்தினால் காவலும் முடிந்தது. லிரிகாவை 2015-இல் நடுவே வெட்டி, 24 மீட்டர் துண்டு ஒன்றைச் சேர்த்து நீட்டியிருந்தார்கள், அதனால் கேபின்களும் அதிகம். ஆனால் கேபின் என்பது கேபின்தான். உன் பேத்தி உயரத்துக்குக் கால் கட்டிலுக்கு வெளியே நிற்கும்! துறைமுகத்திலிருந்து தொலைவில் நடக்கும் ஆட்டங்களுக்கு அந்த ஊர் நெரிசலில் பஸ் ஏறிப் போகவும் வேண்டும். போட்டி முடிந்ததும் கப்பல்கள் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டன. விக்டோரியாவை அப்புறம் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று படித்தபோது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது.

இதற்கு நேர்மாறு 2017-இல் தைவானின் தைப்பே. பக்கத்து லின்கோவில் அரசு வாடகைக் குடியிருப்புகளைக் கட்டி, முதலில் வீரர்களைத் தங்கவைத்து, பிறகு குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் 2015-இல் தென் கொரியாவின் குவாங்ஜுவில் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டிய கட்டடங்களில் முதலில் வீரர்கள், பிறகு வீட்டுக்காரர்கள். எப்படியும் கட்டவேண்டிய வீடு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். போட்டிக்காக மட்டும் கட்டுவதென்றால் வேண்டாம், பேசாமல் கப்பலைக் கூப்பிடலாம்.

2025-இல் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் கிராமமே கிடையாது, ஓட்டல்கள்தான். நீச்சலும் டைவிங்கும் எங்கோ தள்ளி பெர்லினில். இருக்கிற அரங்கைப் பயன்படுத்தினால் செலவு குறையும், புரிகிறது. ஆனாலும் மாணவர் போட்டிக்குப் போகிற பிள்ளை நூறு நாட்டுப் பிள்ளைகளோடு ஒரே மெஸ்ஸில் வரிசையில் நிற்காவிட்டால் என்ன சுகம், சொல்? பதக்கம் எல்லோருக்குமா கிடைக்கிறது?

அடுத்தது 2027-இல் தென் கொரியாவின் சுங்சோங் பகுதியில். வயது 25 வரை போகலாம், ஆக பேத்திக்கு அவகாசம் இருக்கிறது. இப்போதைக்கு அவளுடைய தென்மண்டலப் போட்டி எந்த ஊரில் என்று எழுது. வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கவைப்பார்களோ என்னவோ, கொசுவலை கொடுத்தனுப்பு. பொங்கலுக்கு அப்புறம் தூத்துக்குடி வருகிறேன். கீழ்த்தள அறையை எனக்கு ஒதுக்கிவை.

அன்புடன்,
செல்வராஜ்