கிணற்றுப் படலையின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் கிள்ளான் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். தாத்தா யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில் வாங்கிப்போட்ட காணி இருக்கிறது, விற்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் மனமில்லை, அதனால் சுற்றிவர அடைத்துப் பூட்டிவிட்டோம் என்று எழுதியிருந்தார். அந்தப் 'பூட்டிவிட்டோம்' என்கிற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது, ஏனென்றால் நாங்களும் அதையேதான் செய்தோம்.

என் அப்பப்பா அந்த யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவுக்காரர். அந்தக் காலத்தில் அங்கிருந்து வந்த பலரைப் போல இங்கே மலாயா ரயில்வேயில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடித்தனம், மிச்சம் பிடித்த காசெல்லாம் ஊரில் காணியாக மாறியது. பன்னிரண்டு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்றால் முக்கால் ஏக்கர். இன்று அதற்கு வாரிசுகள் கோலாலம்பூர், பினாங்கு, மெல்பர்ன், லண்டன் என்று பதினேழு பேர், ஆளுக்கு முக்கால் பரப்புகூட வராது. அந்த முக்கால் பரப்பு பறிபோய்விடும் என்ற பயத்தில்தான், போர் முடிந்த பிறகு 2011இல் ஊரைப் பார்க்கப் போன என் பெரியப்பா மகன் படலையில், அதாவது வேலி வாசல் கதவில், ஒரு பெரிய பூட்டைப் போட்டுவிட்டு வந்தார். கெட்டவர் இல்லை. பத்து வருடம் யாராவது பாவித்தால் காணி அவர்களுக்கே போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துவிட்டார், அவ்வளவுதான்.

2018இல் நான் போனேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். காற்று எழும்பினால் படகு ஓடாது. இதே கடலில் 1985 மே 15ஆம் தேதி குமுதினிப் படகில் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றார்கள், அதற்குப் பிறகும் அதே வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்துக்கும் போய்வந்திருக்கிறார்கள் அங்கே இருக்கிறவர்கள். தீவு முழுக்க முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், சீமெந்து இல்லாமல் அடுக்கிய மதில்கள்தான் எங்கள் வேலி. கிணற்றடி வரை உள்ளே போக முடியவில்லை, பூட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன், வேப்பிலை விழுந்து அழுகித் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. அப்போது சைக்கிளில் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று, "பிள்ளை, நீங்கள் மலேசியாக்காரரோ? உங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. பூட்டினாப் பிறகு நாங்கள் அங்கால சுத்திப் போறம்" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நெடுந்தீவில் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்பதை இங்கே குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் வருகிற நமக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மழைத் தண்ணீர் முருகைக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கும். அதை மெதுவாக வாளியால் அள்ளினால் கிடைத்துக்கொண்டே இருக்கும், மோட்டர் வைத்து இழுத்தால் அடியிலிருந்து உவர் ஏறிவிடும், அப்புறம் அந்தக் கிணறு எதற்கும் உதவாது. ஒரு வளவில் நல்ல தண்ணீர், அடுத்த வளவில் உப்பு. கோடை கடுமையானால் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அங்கே திரியும் குதிரைகள் தண்ணீர் இல்லாமல் செத்துப்போகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நாங்கள் ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றை ஏழு வருடம் பூட்டி வைத்திருந்தோம்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன், கிள்ளான் வாசகருக்கு இதுதான் முக்கியம். பத்து வருடக் கதை பொய் இல்லை, 1871இல் வந்த பழைய சட்டம் அது. ஆனால் உரிமைக்காரரை மறுத்து, அவருக்கு எதிராகப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால்தான் அது செல்லும். நீங்களே அனுமதி கொடுத்து ஒருவர் தண்ணீர் அள்ளினால் அது எதிராக ஆள்வது ஆகாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்த வழக்கறிஞர் சொன்னது இதைத்தான்: பயம் இருந்தால் பூட்டாதீர்கள், எழுதிக் கொடுங்கள். நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதினோம். காணி எங்களுடையது, அயலவர்கள் எங்கள் சம்மதத்தோடு கிணற்றில் அள்ளலாம், மோட்டர் வைக்கக் கூடாது. மோட்டர் பற்றிய அந்த வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னது அந்த அயலவர்களேதான். கிராம சேவகர் முன்னால் கையெழுத்து. உங்கள் காணியின் நிலைமை வேறாக இருக்கலாம், அங்கே ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே செய்யுங்கள்.

இன்னொரு வதந்தியும் இங்கே சுற்றுகிறது, வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவனுக்கு அங்கே காணியே இல்லை என்று. 2014இல் வந்த சட்டம் வெளிநாட்டவர் பேருக்குக் காணி கைமாறுவதைத்தான் தடுக்கிறது, நெருங்கிய உறவுக்கு வாரிசாக வருவதற்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. விற்பதாக இருந்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி பிரிபடாத பங்கை வெளியாருக்குக் கொடுக்கும் முன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். அதை மறைத்து விற்றால் பிறகு வழக்குத்தான். இங்கிருந்தே ஒருவரை நியமிக்க பவர் ஆஃப் அட்டர்னி, அங்கே அற்றோணித் தத்துவம் என்பார்கள், அதை எழுதி அங்கே பதிய வேண்டும்.

எங்களுக்குச் சட்டம் பெரிய தலைவலி இல்லை, பதினேழு பேரைச் சம்மதிக்க வைத்ததுதான் தலைவலி. வாட்ஸ்அப்பில் ஒரு வருடம் போனது. அந்த இடத்தைக் கண்ணால் பார்க்காத இரண்டு பேர்தான் கடைசி வரை பிடிவாதமாக நின்றார்கள். நான் அப்பப்பாவின் காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, படம் எடுத்து அனுப்பினேன். வீடு, கிணறு, வான்பயிர், தான்பயிர் சகலமும் என்று அழகான கையெழுத்தில் இருக்கிறது, எல்லைகளெல்லாம் ஆட்களின் பெயர்கள், கிழக்கே இன்னார், மேற்கே இன்னார், வடக்கே ஒழுங்கை. அந்த இன்னார்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. எந்தக் கல் எந்த எல்லை என்று தெரிந்தவர் அயலில் எண்பது தாண்டிய ஒரே ஒரு ஐயாதான், அவர் நடந்து காட்டியதைப் போனில் வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் காணிக்கும் அப்படி ஒருவர் இருப்பார். இந்த வருடமே கேட்டு வையுங்கள்.

பூட்டை வெட்டிய அன்று பக்கத்து வீட்டுப் பையன்கள் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளினார்கள், மூன்று நாள் ஆனது. காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. இப்போது அந்த அம்மா மாதம் ஒரு தடவையாவது போனில் கூப்பிட்டு, பனை விழுந்தது, மதில் சரிந்தது, யாரோ அளக்க வந்தார்கள் என்று எனக்குச் சொல்லிவிடுகிறார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியா பணம் கொடுத்து மின்சாரத் திட்டம் வருகிற காலம், அளக்க வருகிறவர்கள் இனி கூடுவார்கள். யார் வந்தார்கள் என்று பூட்டு எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

கிள்ளான் வாசகரே, உங்கள் காணியிலும் கிணறு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது நல்ல தண்ணீரா, முன்பு யார் அள்ளினார்கள் என்று தயவுசெய்து விசாரியுங்கள். நயினாதீவு அம்மன் கோயிலுக்கு இங்கிருந்து போகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கையில் ஒரு கடிதமும் அந்தச் சாவியும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்