பழைய ஏர் ரைபிளுக்குப் புது ஸ்டாக்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஏர் ரைபிள்களுக்குத் தனியாகச் செதுக்கும் ஸ்டாக்குகள் (துப்பாக்கியைத் தாங்கும் மரக்கட்டைகள்) பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, வால்நட் மரத்தின் அழகோடு நின்றுவிட்டது. சுருள்வில் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்திச் சுடுவது ஸ்பிரிங் ரைபிள். அதில் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். பிஸ்டன் முனையில் போய் அடங்கும்போது முன்னுக்குத் துள்ளும். தோட்டாத் துப்பாக்கிக்கே ஸ்டாக் செய்து பழகியவர்கள் பின்னுதையை மட்டும் கணக்கில் வைப்பார்கள். சில நூறு குண்டுகளில் திருகு தளரும், துளை அகலும், குறி சிதறும். பழியோ பீப்பாய் மீது விழும்.

பீப்பாயை மடக்கும் வகை ரைபிளான வைரோக் ஹெச்டபிள்யூ 35 போன்றவற்றில் முன்கட்டையின் இருபுறத் திருகுகள்தான் பெரும்பாரம் தாங்குகின்றன. திருகுத் தலை நேராக மரத்தில் அழுந்தக் கூடாது. அகலமான கிண்ண வாஷர் வேண்டும். பீப்பாயை மடக்கும்போது ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டும் காக்கிங் கம்பி இறங்கும் பள்ளத்தை அளவுக்கு மேல் அகலப்படுத்தினால், இருபக்கச் சுவரும் மெலிந்து திருகுத் துளையிலேயே வெடிக்கும். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் மரத்தில் படியும் இடத்தில் எபாக்ஸி பசை பூசுவது நல்லதே. ஆனால் முதலில் உலோகத்துக்கு மெழுகு தடவாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

போட்டி ரைபிளான ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் கதையே வேறு. சுடும்போது அதன் சிஸ்டம் (பீப்பாயும் சிலிண்டரும் சேர்ந்த உலோகப் பகுதி) ஸ்டாக்குக்குள் தண்டவாளத்தில் சில மில்லிமீட்டர் பின்னே நழுவ வேண்டும். 'காகிதம்கூட நுழையாத பொருத்தம்' என்று தச்சர் பெருமைப்பட்டால் அந்த ரைபிள் கெட்டது என்று அர்த்தம்.

மரத்தின் ரேகை கைப்பிடிக் கழுத்தில் நீளவாக்கில் ஓட வேண்டும்; குறுக்கே வெட்டினால் அங்கேதான் முறியும். வாரம் ஒருமுறை எடை பார்த்து, எடை குறைவது நின்ற பிறகே கட்டையில் உளி வைக்கலாம். ஈரமரம் பிறகு சுருங்கித் திருகைத் தளர்த்தும்.

அந்தக் காலத்து ஸ்டாக்குகள் பெரும்பாலும் திறந்த குறிக்கு (பீப்பாய் மேலுள்ள லென்ஸ் இல்லாத குறிக்கு) ஏற்பத் தாழ்வானவை. ஸ்கோப் வைப்பவருக்குக் கன்னம் படும் மேடு உயர வேண்டும். எவ்வளவு? பழைய ஸ்டாக்கில் அட்டைத் துண்டுகளை அடுக்கி டேப் ஒட்டுங்கள். கண்ணை மூடித் தோளில் வைத்துத் திறந்தால் ஸ்கோப் வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். அந்த உயரமே அளவு. ட்ரிகரிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரை பெரியவர்களுக்கு 34 முதல் 36 செ.மீ. பெரும்பாலும் போதும்.

பழைய ஸ்டாக்கை அறுத்து மாற்றுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சேகரிப்பாளர் விலை பேசும்போது முதலில் கேட்பது அந்தப் பழைய ஸ்டாக்கைத்தான். அதன் திருகுகளோடு துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரம் தங்கும்.

இப்படிக்கு,
ஏர் ரைபிள் பழுதுபார்க்கும் வாசகர்