பயம் என்று குறிக்க இடமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடி அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். கைப்பேசியைப் பற்றி எங்கள் பிள்ளைகள் கேட்காத அறிவுரை இல்லை. தலையாட்டிவிட்டு, மாலையில் அப்பாவின் கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதிலுள்ள செயலிகள் அடுத்து எதைக் காட்டுவது என்று எப்படி முடிவு செய்கின்றன என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பழைய நாளிதழ்ப் படங்களை வெட்டி அறுபது அட்டைகளில் ஒட்டினேன். கிரிக்கெட், சமையல், கோயில் யானை, நகை, சாலை விபத்து. ஒரு மாணவனிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, "நீதான் செயலி" என்றேன். யார் எந்த அட்டையை எத்தனை விநாடி பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதிக நேரம் பார்த்த வகையிலேயே அடுத்த அட்டைகளை அவன் கொடுக்க வேண்டும். வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது.

மூன்றாம் சுற்றில் ஒரு மாணவியின் கையில் விபத்துப் படங்கள் மட்டுமே இருந்தன. அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பிடித்துப்போயா பார்த்தேன்? பயத்தில் கண்ணை எடுக்க முடியவில்லை, டீச்சர்" என்றாள். செயலியாக இருந்தவன் தன் தாளை நீட்டினான். அவள் பெயருக்கு நேரே 14 விநாடி என்று இருந்தது. பயம் என்று குறிக்க அதில் இடமில்லை.

பிறகு கேள்விகள் வந்தன. "லைக் போடாவிட்டாலும் தெரிந்துவிடுமா?" "நாம் பார்த்தால் அவர்களுக்கு என்ன லாபம்?" ஐந்து அட்டைக்கு ஒரு விளம்பரம் செருகிக் காட்டியதும் லாபக் கணக்கை அவர்களே போட்டுவிட்டார்கள். சொடுக்குகளின் எண்ணிக்கையை விடப் பார்க்கும் நேரத்துக்கு யூடியூப் முதன்மை கொடுக்கத் தொடங்கியது 2012இல். இந்த வகுப்பில் பலர் பிறந்த ஆண்டும் அதுதான்.

ஆஸ்திரேலியாவைப் போல 16 வயது வரை சமூக ஊடகங்களுக்குத் தடை வேண்டும் என்கிறார்கள் சிலர். தடை வந்தாலும், வயது நிறைந்த மறுநாள் அதே திரைதானே கைக்கு வரப்போகிறது? 13 வயது ஆகாமல் கணக்குத் தொடங்கக் கூடாது என்ற விதி இன்றும் பல தளங்களில் உண்டு. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டு உள்ளே போன ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை நான் அறிவேன்.

ஆகவே ஆறாம் வகுப்புப் பாடநூலிலேயே, செயலிகள் இயங்கும் விதத்தைச் செய்முறையோடு ஒரு பாடமாகச் சேர்க்கும்படி பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். கணினி ஆய்வகம் இல்லாத பள்ளியிலும் நடத்தலாம்; கத்தரிக்கோலும் பசையும் ஒரு கடிகாரமும் போதும். என் அறுபது அட்டைகளையும் கேட்கும் ஆசிரியருக்குக் கொடுத்து உதவத் தயாராக இருக்கிறேன்.

அறிவியல் ஆசிரியை,
மன்னார்குடி வட்டம்.